பியட்டுக்குள் சலங்கை

எனக்குக் கோபம் வந்தால் பீளமேட்டு வீதி முழுக்கக் கேட்கும் என்று என் மனைவி ராமாமணி சொல்வாள். கோபம் வராவிட்டாலும் என் குரல் அப்படித்தான். சோமனூரில் இருபத்தாறு வருஷமாக முப்பத்தாறு விசைத்தறி ஓட்டுகிறவனுக்குக் குசுகுசுவென்று பேச வராது. தறிக்கொட்டகைக்குள் பேச்சு என்பதே கிடையாது. உதட்டைப் பார்த்தும் கையை ஆட்டியுமே எல்லாவற்றையும் முடித்துக்கொள்வோம். வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ், கொட்டகையில் கைபாஷை. மூன்றிலும் சுந்தரராஜுலு கெட்டிக்காரன் என்று பெயர். அந்தக் கெட்டிக்காரனின் மானம் கப்பலேறிய கதை இது.

தொண்ணூற்றேழாம் வருஷம் தை மாதம், என் மச்சினன் மகன் யஷ்வந்த் புதுக் கார் வாங்கி, அதில் சி.டி. போடும் செட் மாட்டி, என்னை உட்காரவைத்து அவினாசி ரோட்டில் ஒரு சுற்று ஓட்டிக் காட்டினான்.

"எப்படீங்க மாமா?" என்றான்.

"உப்பில்லாத பருப்பு மாதிரி இருக்குது," என்றேன்.

பையன் முகம் சுண்டிப்போயிற்று. நான் என்ன செய்ய? பாட்டு என்றால் டேப் ஓடுகிற உஸ்ஸென்ற இரைச்சல் கொஞ்சம் வேண்டும், மேலே சன்னமாக ஏதாவது கிணுகிணுக்க வேண்டும். இதில் ஒன்றும் இல்லை. சுத்தமாகக் கழுவிவிட்ட ஆஸ்பத்திரித் தரை மாதிரி இருந்தது.

என் பியட் காரில் எழுபத்தொன்பதில் ஒரு ஜப்பான் செட் இருந்தது. சிங்கப்பூரிலிருந்து வந்தது. இரண்டு பக்கமும் இரண்டு திருகு, நடுவில் கேசட் வாய். கேசட்டைத் தள்ளினால் 'டொக்' என்று விழுங்கிக்கொண்டு பச்சை விளக்கு எரியும். பின் கண்ணாடிக்குக் கீழே பலகையில் இரண்டு ஓவல் ஸ்பீக்கர். அதில் நான் ஓயாமல் போட்டது ஒரே கேசட்தான். எங்கள் பக்கத்து மாரியம்மன் நோம்பி ஒன்றில் ஆட்கள் ஆடிய சலங்கையாட்டத்தை என் மச்சினனே பக்கத்தில் நின்று பதிவு செய்தது. நடுவில் ஓரிடத்தில் மத்தளம் சட்டென்று நின்றுவிடும். இருபது முப்பது பேர் காலில் கட்டிய சின்னச் சலங்கைகள் மட்டும் ஒலிக்கும். அந்த இடம் வந்தால் நான் காரை ஓரங்கட்டிவிடுவேன். கல்யாணமான புதிதில் ராமாமணியும் நானும் மருதமலை அடிவாரத்தில் அப்படி நிறுத்திக் கேட்டிருக்கிறோம். அதைவிடச் சந்தோஷமாக நான் எங்கும் உட்கார்ந்ததில்லை.

அந்தச் செட் எண்பத்தாறில் செத்தது. பிறகு பதினோரு வருஷம் என் காரில் ஹாரன் மட்டும்தான். யஷ்வந்தின் கார் என் வயிற்றெரிச்சலைக் கிளப்பிவிட்டது. பழைய மாதிரியே ஒன்று கட்டிவிடுவது என்று முடிவு செய்தேன்.

உக்கடத்தில் ரசாக் பாய் கடை. மேட்டுப்பாளையத்தில் யாரோ ஒருவர் கடையில் லாரிகளுக்கு ஹாரன் மாட்டிக்கொண்டிருந்தவர், ஆறு வருஷத்துக்கு முன் இங்கே வந்து தனியாகக் கார் செட் கடை போட்டவர். என்னைவிடப் பத்து வயது இளையவர். கை அவ்வளவு சுத்தம். ஒயர் எங்கே போகிறது என்று தேடினாலும் தெரியாது.

"பழசு மாதிரியே வேணுமுங்களா? பழசேதான் வேணுமுங்களா?" என்றார்.

"பழசேதான்."

அவர் முகத்தில் வந்த சிரிப்பைப் பார்க்க வேண்டுமே. அவருக்கும் அதே பைத்தியம். மூன்று ஞாயிற்றுக்கிழமை இருவரும் பழைய சாமான் கடைகளாக ஏறி இறங்கினோம். அதே ஜப்பான் டெக் ஒரு மிக்ஸி மூடிக்கும் உடைந்த டெலிபோனுக்கும் நடுவில் கிடைத்தது. ஓவல் ஸ்பீக்கரும் கிடைத்தது, ஆனால் உள்ளே காயில் என்கிற கம்பிச் சுருள் கருகியிருந்தது. புதுசு போடலாம் என்றார் பாய். நான் விடவில்லை. கணபதியில் பம்புசெட் மோட்டாருக்குக் காயில் கட்டும் நரசிம்மலுவிடம் கொண்டுபோனேன். எங்கள் தூரத்து உறவு.

நரசிம்மலு ஸ்பீக்கரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இது ஏனுங்க மாமா இத்தனை சன்னக் கம்பியில கட்டியிருக்கறாங்க? கருகாம என்ன பண்ணும்?" என்று திட்டிவிட்டு, நாலே நாளில் தன் வழக்கப்படி தடிக் கம்பியில் கட்டிக்கொடுத்தான். கிணறு வற்றிப்போய் மோட்டார் சும்மா ஓடினாலும் இந்தக் காயில் கருகாது என்று சத்தியம் செய்தான். கருகாதுதான். ஸ்பீக்கருக்குள் நுழையவும் நுழையாது. பாய் அதைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார். அப்புறம் தானே நேரில் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து மயிரிழைக் கம்பியில் கட்டி வாங்கி வந்தார்.

சீட்டுக்கடியில் ஆம்ப்ளிஃபயர். டிக்கியில் பிளைவுட் பெட்டி அடித்து, கனத்த ஒலிக்கென்று ஒரு பெரிய ஊஃபர். டெக்குக்குக் கீழே ஈக்வலைசர் என்று ஒரு பட்டை, அதில் ஏழு வரிசை விளக்கு. "இடது கோடி மத்தளத்துக்குங்க, வலது கோடி சலங்கைக்குங்க. எது கேக்குதோ அந்த வரிசை மேல ஏறும்," என்று பாய் காட்டினார். முன்கதவு இரண்டிலும் ட்வீட்டர், அதாவது சன்ன ஒலிக்கென்றே இருக்கும் எலுமிச்சம்பழ அளவு ஸ்பீக்கர். வேலை முடிய மாசி பிறந்துவிட்டது.

முதல் நாள் ராமாமணியையும் கூட்டிப்போய்ப் பின் சீட்டில் உட்காரவைத்தேன். கேசட்டைத் தள்ளினேன். டொக். பச்சை விளக்கு. மத்தளம் ஊஃபரில் கிளம்பி என் முதுகெலும்பில் ஏறியது. ஆகா என்றேன். அந்த இடம் வந்தது, மத்தளம் நின்றது.

ஒன்றுமே இல்லை.

"சலங்கை எங்க பாய்?" என்றேன்.

பாய் என்னைப் பார்த்தார். செட்டைப் பார்த்தார். பின் சீட்டில் ராமாமணியைப் பார்த்தார். அவள் புடவைத் தலைப்பில் இல்லாத தூசியைத் தட்டினாள்.

"டேப் பழசாயிப்போச்சுங்களே, அதனால இருக்குமுங்க. செஞ்சுபோடலாமுங்க," என்றார் பாய்.

அன்றிலிருந்து பிடித்தது சனி. ட்வீட்டரை மாற்றினார், வரவில்லை. நான்காக்கினார், வரவில்லை. ஆறாக்கினார். பெட்டியைப் பிரித்து வேறு அளவில் அடித்தார். கேசட்டைக்கூட என் மச்சினனிடமிருந்த மூலத்திலிருந்து புதிதாகப் பதிந்து வந்தார். எனக்கு மத்தளம்தான் வந்தது. கடைசி இரண்டு முறை சோதித்தபோது பாய் காதில் பஞ்சு வைத்திருந்தார். ஏன் என்றேன். சளி பிடித்திருக்கிறது என்றார். பங்குனி வெயிலில் ராமாமணி காருக்குள் தலையோடு காதைச் சேர்த்துத் துண்டு கட்டிக்கொண்டு வந்தாள். ஏன் என்றால், "குளுந்த காத்துங்க," என்றாள். சுற்றியிருப்பவர்களுக்கெல்லாம் ஒரே நேரத்தில் உடம்பு கெட்டுப்போயிற்று என்று நினைத்துக்கொண்டேன். கெட்டிக்காரன் அல்லவா.

ஆறாவது தடவையும் சலங்கை வராதபோது எனக்குத் தலைக்கேறியது. ரசாக் போலிச் சரக்கை மாட்டி என்னை ஏமாற்றிவிட்டார் என்று முடிவுகட்டினேன். அதை மனதுக்குள் வைத்துக்கொள்ளும் வழக்கம் எனக்கில்லை. எங்கள் வீதி முனை பேக்கரியில் டீயும் தேங்காய் பன்னும் சாப்பிட்டுக்கொண்டே வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொன்னேன். அன்றைக்கு அங்கே உடுமலைப்பேட்டை சென்னியப்பனும் இருந்தார். தேங்காய் மண்டிக்காரர். எண்ணெய் ஆலைக்குக் கொப்பரை போட வந்தவர். பழனிக்கும் ஊட்டிக்கும் விடப் புதிதாக நான்கு சுற்றுலா வேன் வாங்கியிருந்தார்.

"நாலு வண்டிக்கும் ரசாக் பாய்கிட்டத்தானுங்க செட்டுக்குச் சொல்லியிருக்கறேன்," என்றார்.

"சொன்னதை வாபஸ் வாங்கிக்கோங்க. ஆள் டூப்ளிகேட்," என்றேன். பேக்கரி முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

சென்னியப்பன் அன்றே வாபஸ் வாங்கிக்கொண்டார். அந்த வேன் வேலையை நம்பித்தான் பாய் கடையை அடுத்த வருஷத்துக்கும் வாடகைக்கு எடுத்திருந்தார் என்பது எனக்குத் தெரியும். ஸ்பீக்கர் தேடி அலைந்த ஞாயிறுகளில் அவரே சொல்லியிருந்தார், அது கிடைக்காவிட்டால் திரும்ப மேட்டுப்பாளையத்து லாரி ஹாரன்தான் என்று. தெரிந்தும் சொன்னேன். கோபம் அப்படி.

அடுத்த ஞாயிறு காலை போர்ட்டிகோவில் காருக்குள் தனியாக உட்கார்ந்தேன். திங்கட்கிழமை எல்லாவற்றையும் பிடுங்கி வேறொருவரிடம் கொடுப்பதாக இருந்தது. என்னென்ன குறை என்று கடைசியாக ஒரு தரம் பார்த்துவிடலாம் என்று கேசட்டைத் தள்ளினேன். மத்தளம். இடது கோடி விளக்குகள் குதித்தன. மத்தளம் நின்றது. இடது கோடி அணைந்தது.

வலது கோடி இரண்டு வரிசையும் உச்சிவரை ஏறிச் சிவப்பாக நின்று துள்ளின.

இத்தனை நாள் நான் கண்ணை மூடிக்கொண்டே கேட்டிருக்கிறேன். விளக்கைப் பார்த்ததேயில்லை. திருகை வலப்பக்கம் திருப்பினேன். விளக்கு இன்னும் ஏறியது. எனக்கு ஒன்றுமில்லை. முழுக்கத் திருப்பினேன். வேப்பமரத்துக் காக்கைகள் கூண்டோடு பறந்தன. பக்கத்து வீட்டு அம்மாள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு காம்பவுண்டு சுவர் பக்கம் ஓடிவந்தார். நான் பார்ப்பதைப் பார்த்ததும் கையை எடுத்துவிட்டுச் சிரித்தார். "பாட்டு நல்லா இருக்குதுங்ண்ணா," என்று அவர் உதடு சொன்னது.

உதடுதான் சொன்னது. அப்போதுதான் அதை உணர்ந்தேன். நான் வருஷக்கணக்காக மனுஷர்களைக் காதால் அல்ல, கண்ணால் கேட்டுக்கொண்டிருக்கிறேன். செட்டை அணைத்துவிட்டு வெகுநேரம் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி இருந்தேன். பயமாக இருந்தது என்று சொல்வதில் இனி என்ன வெட்கம்.

நேராக உக்கடம் போனேன். பாய் அலமாரியிலிருந்து சாமான்களை எடுத்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முக்காலியை இழுத்துப் போட்டார். ஏமாற்றுக்காரன் என்று ஊரெல்லாம் சொன்னவனுக்கு முக்காலி.

"செட்டு நல்லாத்தான் இருக்குது. என்ற காதுதான் போயிருச்சு. உங்களுக்கு எப்பத் தெரியும் பாய்?" என்றேன்.

அவர் பெட்டிக்குள் எதையோ தேடினார். "மொத நாளே தெரியுமுங்க."

"பொறகு ஏன் சொல்லல? ஆறு தடவை பிரிச்சு மாட்டுனீங்களே!"

"வயசுல மூத்தவங்க. உங்க காதைப் பத்தி நான் எப்புடீங்க உங்க மூஞ்சிக்கு நேராச் சொல்றது? சொல்லிப்போட்டா அந்தக் கேசட்டை நீங்க மறுபடி தொடவே மாட்டீங்கன்னு நெனச்சேனுங்க. இன்னும் எச்சாச் சத்தத்தைத் தூக்கிக் குடுத்தா ஒருவேளை கேட்டுருமோன்னு பார்த்தேன்."

"உங்க பொழப்பு போகுதே, அப்பவாவது சொல்லியிருக்கலாமல்ல?"

"அதுக்காக உங்களை விட்டுக்குடுக்க முடியுங்களா?"

எனக்கு அவரைக் கட்டிப்பிடிப்பதா, ஓங்கி ஒன்று போடுவதா என்று தெரியவில்லை. எங்கள் ஊர் மரியாதையை நினைத்து எனக்கே எரிச்சல் வந்தது. ஒருவனைக் கிணற்றில் விழ விட்டுவிட்டு, மேலே நின்று 'பார்த்துப் போங்க' என்று சொல்லுகிற மரியாதை. உடுமலைக்குப் போய் உண்மையைச் சொல்லப்போகிறேன் என்று எழுந்தேன். பாய் பதறிவிட்டார். "அதெல்லாம் வேண்டாமுங்க. ஒயர் லூசா இருந்துச்சு, சரியாப்போச்சுன்னு சொல்லிக்கலாமுங்க," என்றார். அப்போதும்!

மறுநாள் காலை ராமாமணியை மட்டும் காரில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். பாய் வந்தால் குறுக்கே மரியாதை பேசுவார். அவளிடம், "உடுமலை வரைக்கும் போறோம்," என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. கேட்கத் தைரியமில்லை. பாய்க்கே முதல் நாளில் தெரிந்தது என்றால், கூடவே வாழ்கிறவளுக்கு எத்தனை வருஷமாகத் தெரியும்? பொள்ளாச்சி தாண்டி, காற்றாலைகள் கண்ணில் படத் தொடங்கும்வரை ரோட்டையே பார்த்து ஓட்டினேன்.

சென்னியப்பனின் மண்டியில் ஐந்து பெண்கள் தேங்காயை ரகம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஓரமாக நான்கு வேன்களும் செட் இல்லாமல் நின்றன. "வாங்க வாங்க, ஏனுங்கம்மணி, சௌக்கியமுங்களா?" என்று அவர் இளநீர் வெட்டச் சொன்னார். இளநீர் வரும்வரைகூட நான் பொறுக்கவில்லை.

"அன்னிக்கு நான் சொன்னது தப்புங்க. பாய் மேல ஒரு குத்தமும் இல்ல. எனக்குக் காது மந்தம்."

"உங்களுக்குங்களா? சும்மா இருங்க! நான் சொல்றதுக்கெல்லாம் டக்கு டக்குனு பதில் சொல்றீங்க."

"அது உங்க உதட்டைப் பார்த்துச் சொல்றேன்."

அவர் சிரித்தார். குரலைத் தணித்துக்கொண்டார் போலிருக்கிறது, உதடு சின்னதாக அசைந்தது. "பாய் வந்து அழுதாருங்களா? உங்களுக்கு எளகுன மனசு. அவரைக் காப்பாத்தறதுக்காக உங்க காதைக் குத்தம் சொல்லிக்க வேண்டாமுங்க."

கேட்டீர்களா? திட்டியபோது என்னை உடனே நம்பியவர், உண்மையைச் சொன்னால் நம்பமாட்டேன் என்கிறார். அவர் கையைப் பிடித்து இழுத்துப்போய்க் காரின் முன்சீட்டில் உட்காரவைத்தேன். ராமாமணி பின்சீட்டை விட்டு இறங்கவேயில்லை. ரகம் பிரித்த பெண்களையும் கூப்பிட்டேன். அவர்கள் கதவருகே வந்து நின்றார்கள்.

"எல்லாரும் கேளுங்க. நடுவுல மத்தளம் நிக்கும். அப்பச் சலங்கை கேட்டா கையைத் தூக்கோணும். கேக்கற வரைக்கும் எறக்கக் கூடாது. நானும் அப்படித்தான். யாரு கை தூக்குது, யாரு கை தூக்கலைன்னு பார்த்துட்டு முடிவு பண்ணுங்க," என்றேன்.

கேசட்டைத் தள்ளினேன். மத்தளம் ஒலித்து நின்றது. வலது கோடி சிவப்பு ஏறியது. என் கைகள் மடியிலேயே இருந்தன.

சென்னியப்பன் கையும் மடியிலேயே இருந்தது.

அவர் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். கண் இரண்டும் ட்வீட்டர் பக்கம் ஓடி, என் கைகளுக்கு வந்து, சட்டென்று விலகின. கேட்கிறது அவருக்கு. வெளியே ஒரு பெண் கையைப் பாதி தூக்கினாள். பக்கத்திலிருந்தவள் அதைப் பிடித்துக் கீழே இறக்கினாள். ஐந்து பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"கை தூக்குங்க!" என்று கத்தினேன்.

"எனக்கும் ஒண்ணும் கேக்கலீங்களே," என்றார் சென்னியப்பன். அத்தனை கனிவாக. "உங்க காதுல ஒண்ணுமில்லீங்க. செட்டுலதான் கோளாறு."

என் மானத்தைக் காப்பாற்றப் பாயின் கடையை என் கண்ணெதிரே மூடிக்கொண்டிருந்தார், நல்ல மனுஷன். இனி என்ன சொல்லி இவரை நம்பவைப்பது? இன்னும் கொஞ்ச நேரத்தில் மத்தளம் திரும்ப ஆரம்பித்துவிடும், அதோடு முடிந்தது. உதவி கேட்கிறவன் போல மேலே கண்ணாடியைப் பார்த்தேன்.

ராமாமணி கையைத் தூக்கியிருந்தாள்.

பள்ளிக்கூடத்தில் விடை தெரிந்த பிள்ளை மாதிரி, கார்க் கூரையில் முட்டும்படி, நேராக. கண்ணாடிக்குள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கன்னம் நனைந்திருந்தது. சென்னியப்பன் திரும்பி அவளைப் பார்த்தார். கொஞ்சம் யோசித்தார். பிறகு அவர் கையும் மெதுவாக மேலே போனது. கதவுக்கு வெளியே ஒன்று, இரண்டு, ஐந்து கை.

"ரசாக் பாயை வெள்ளிக்கெழமை தொழுகை முடிச்சு வரச் சொல்றீங்களா?" என்றார் சென்னியப்பன். இந்த முறை உதட்டை எனக்கு நன்றாகக் காட்டி, பெரிதாக, சத்தமாக.

தலையாட்டிவிட்டு மறுபடி கண்ணாடியைப் பார்த்தேன். ராமாமணி இன்னும் கையை இறக்கவில்லை. மருதமலை அடிவாரத்தில் எத்தனை நேரம் உட்கார்ந்திருப்போமோ அத்தனை நேரம் நானும் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது இறங்கியபோது, சலங்கை நின்றுவிட்டது என்று தெரிந்துகொண்டேன்.